கடைமடைக் கணக்கு

போன மாதம் எங்கள் தெருவுக்குக் கண்ணாடி இழை இணைப்பு வந்தது. கம்பத்தில் ஏணி சாய்த்து ஏறி, மெல்லிய கறுப்பு வயரைச் சன்னல் வழியாக உள்ளே இழுத்து, சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியைப் பொருத்தினார் வேலைக்கு வந்த தம்பி. மடிக்கணினியைச் சொருகி வேகத்தை அளந்தார். "94 வருது சார். நூறு எம்பிபிஎஸ் பிளானுக்கு இதுதான் ஃபுல்" என்றார். அவர் சொன்னது சரி. நெல்லை எடை போட்டால் சாக்கும் சேர்ந்துதான் நிற்கும். தகவலைச் சுமந்துவரும் சாக்குக்கு ஐந்தாறு மெகாபிட் போக, கைக்கு வருவது 94.

அவர் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போன பிறகு பார்க்கிறேன், என் கை மேசை இழுப்பறையைத் துழாவிக்கொண்டிருக்கிறது.

"என்னங்க தேடுறீங்க?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"பென்சில்."

"நோட்டு பீரோ மேல பச்சைப் பைக்குள்ள இருக்கு" என்றாள் மனைவி. எந்த நோட்டு என்று நானும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

பையைப் பிரித்ததும் அந்துருண்டை வாசனை. உள்ளே பழுப்புத்தாள் அட்டை போட்ட ஐந்து கிராஃப் நோட்டுகள். எங்கள் வீட்டு இணைய வேகத்தை நாள்தோறும் அளந்து, புள்ளி வைத்து, கோடு இழுத்த நோட்டுகள். பதிவிறக்கத்துக்கு நீல மை, பதிவேற்றத்துக்குச் சிவப்பு மை. வலது ஓரத்தில் 'குறிப்பு' என்று ஒரு பத்தி. தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டத் தொடங்கினேன். சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை.

இந்தப் பழக்கம் என்னிடம் தொடங்கியது அல்ல. என் அப்பாவிடம் ஒரு 'மேட்டூர் நோட்டு' இருந்தது. திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். காவிரிக்குக் கடைமடை. காலையில் டீக்கடைக்குப் போனதும் அப்பா பேப்பரில் முதலில் பார்ப்பது மேட்டூர் அணை நிலவரத்தைத்தான். நீர்மட்டம் எத்தனை அடி, வரத்து எத்தனை கன அடி, திறப்பு எத்தனை கன அடி. மூன்றையும் மனதில் வாங்கிக்கொண்டு வந்து, கைகூடக் கழுவாமல் நோட்டில் எழுதிவிடுவார். அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. ஜூன் 12 திறப்பு. திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாள் போல ஆகும். அது எங்கள் வாய்க்காலுக்கு எப்போது வரும், எவ்வளவு வரும் என்பதை எந்தப் பேப்பரும் போடாது.

அதற்கும் அப்பா ஒரு வழி வைத்திருந்தார். எங்கள் மதகுக்குப் பக்கத்தில் மூங்கில் கழி ஒன்றை ஊன்றி, அதில் அங்குலத்துக்கு ஒரு வெட்டு வெட்டியிருந்தார். தினமும் எத்தனையாவது வெட்டு வரை நனைந்திருக்கிறது என்று பார்த்து, மேட்டூர்க் கணக்குக்குப் பக்கத்திலேயே எழுதுவார். அங்கே திறந்தது எவ்வளவு, இங்கே வந்தது எவ்வளவு. ஒரு பக்கத்தில் இரண்டும் இருக்கும்.

ஒரு வருடம் மேல்மடைக்காரர்களோடு தகராறு. அதிகாரி வந்த அன்று மரத்தடியில் ஒரே கூச்சல். எல்லாரும் ஓய்ந்த பிறகு அப்பா நோட்டை விரித்து அவர் முன்னால் வைத்தார். அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாலைந்து பக்கம் படித்தார். பிறகு தன் டைரியைத் திறந்து எழுதிக்கொண்டார். அந்தப் போகத்துக்கு முறைப் பாசன நாளில் எங்களுக்கு ஒரு நாள் கூடியது. வீட்டுக்குத் திரும்பும்போது சைக்கிளின் பின்னால் உட்கார்ந்திருந்த என்னிடம் அப்பா சொன்னார்: "சத்தம் போட்டா காதுல விழும் தம்பி, அப்புறம் போயிடும். எழுதி வெச்சா நிக்கும்."

பல வருடம் கழித்து இணையம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அந்தக் கழியும் நோட்டும்தான் என் நினைவுக்கு வந்தன.

விதேஷ் சஞ்சார் நிகாம் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. எங்கள் கடைமடைக்கு அது வந்துசேர இன்னும் சில வருடங்கள் ஆயின. மகனின் படிப்புக்காகக் கணினி வாங்கி, தொலைபேசி வயரை மோடத்தில் சொருகினோம். எண்ணைச் சுழற்றியதும் அது முதலில் விசிலடிக்கும், பிறகு கரகரக்கும், இரண்டு தகரத்தை உரசுவதுபோலக் கத்திவிட்டுச் சட்டென்று அடங்கும். அடங்கினால் இணைப்பு கிடைத்துவிட்டது என்று பொருள். திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி வந்து இன்ன வேகத்தில் இணைந்தாய் என்று சொல்லும். மோடத்தின் மேல் 56 என்று அச்சிட்டிருந்தது. பெட்டி காட்டியதோ 31.2, சில இரவுகளில் 33.6. தினசரி நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் அதை எழுதி வைத்தேன். அங்கே திறந்தது, இங்கே வந்தது.

இணையம் ஓடும்வரை போன் ஓடாது. "எப்பப் போட்டாலும் என்கேஜ்டாவே இருக்கே, யாருகிட்டடா பேசுறீங்க விடிய விடிய?" என்று பட்டுக்கோட்டை அத்தை கோபித்துக்கொள்வார். பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த அன்று தெருவில் பாதிப் பேர் எங்கள் கூடத்தில் இருந்தார்கள். பக்கம் மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக இறங்கியது. பையன் பெயர் வந்தது, தமிழ் மார்க் வந்தது, ஆங்கில மார்க் வந்தது, அதோடு இணைப்பு அறுந்தது. பக்கத்து வீட்டு அம்மா தாலிச்சரடைப் பிடித்துக்கொண்டு நின்ற கோலம் இன்னும் கண்ணில் இருக்கிறது. மறுபடி இணைத்து மொத்த மார்க்கைப் பார்க்க இருபது நிமிடம் ஆனது. அன்றைய நாள்காட்டித் தாளில் '28.8, இரண்டு முறை துண்டிப்பு' என்று எழுதியிருக்கிறேன். மார்க் எவ்வளவு என்று எழுதாமல் விட்டிருக்கிறேன். அந்தத் தாளைப் பார்த்துத்தான் குறிப்புப் பத்தி ஒன்று வேண்டும் என்று பின்னாளில் தோன்றியது.

2004-ல் மத்திய அரசு அகலக்கற்றைக் கொள்கை கொண்டுவந்து, நொடிக்கு 256 கிலோபிட் இருந்தால் அது பிராட்பேண்ட் என்று இலக்கணம் வகுத்தது. அந்த அளவு 2013-ல் 512 ஆனது, 2023-ல் 2 மெகாபிட் ஆனது. எங்கள் வீட்டுக்கு வந்தது முதல் இலக்கணம், 256. அது வந்த வாரமே பள்ளி ஆசிரியர் அறையில் வாக்குவாதம். உடன் வேலை பார்த்த இயற்பியல் ஆசிரியர் வீட்டிலும் அதே இணைப்பு. "256-னு சொல்லிட்டு 30-தான் வருது. இது மோசடி இல்லையா?" என்று கொதித்தார். கரும்பலகைக்குப் போகாமல் படிக்கணக்கில் சொன்னேன்: "சார், அவங்க சொல்றது ஆழாக்குல. உங்க திரை காட்டுறது படியில. எட்டு ஆழாக்கு ஒரு படி. எட்டு பிட் ஒரு பைட். 256-ஐ எட்டால வகுங்க." வகுத்தார். 32. சிரித்துவிட்டார். அளவு தெரியாமல் சண்டைக்குப் போனால் நியாயமும் தோற்றுப்போகும் என்பதை அன்று நானும் கற்றேன்.

அப்போதுதான் முறையாக முதல் கிராஃப் நோட்டைத் தொடங்கினேன். சில விதிகள் வகுத்துக்கொண்டேன். காலை ஆறு மணி, இரவு ஒன்பது மணி, இரண்டு வேளை அளவு. அளக்கும்போது வேறு எதுவும் இறங்கிக்கொண்டிருக்கக் கூடாது. வயரில்தான் அளக்க வேண்டும், காற்றில் வருவதை நம்பக் கூடாது. மூன்று முறை அளந்து, நடுவில் நிற்கும் எண்ணை எடுக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இடைநிலை அளவு என்று சொல்லிக்கொடுப்போமே, அதுதான். ஒரு முறை மட்டும் அளந்தால் அந்த நொடியின் குணம்தான் தெரியும், இணைப்பின் குணம் தெரியாது.

ஒரு மாதம் புள்ளி வைத்ததும் கோடு பேச ஆரம்பித்தது. காலை ஆறு மணிக் கோடு உயரத்திலும் ஒன்பது மணிக் கோடு அதற்குக் கீழும் ஓடின. ஊர் முழுக்க ஒரே நேரத்தில் மடை திறந்தால் ஆளுக்குக் கொஞ்சம்தான் பாயும். அந்தக் காலத்துத் திட்டத்தில் இரவு இரண்டு மணியிலிருந்து காலை எட்டு மணி வரை இறக்குவது கணக்கில் வராது. இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, பாடப் படங்களை இறக்கவிட்டு மறுபடி படுத்த வீடுகள் எங்கள் ஊரிலேயே நாலைந்து உண்டு. இறவைக்கு இரவில் மோட்டார் போடப் போகிறவர்களுக்கு அது புதிதாகத் தெரியவில்லை.

திட்டம் 2 மெகாபிட்டாக உயர்ந்த பிறகு ஒரு சிக்கல் வந்தது. வேகம் சில நாள் 1.8, சில நாள் 0.6. புகார் கொடுத்தால் "மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பார்கள். செய்தால் அரை மணி நேரம் சரியாகும், மறுபடி விழும். மோடத்தின் உள்பக்கத்தில் கம்பியின் நிலவரத்தைக் காட்டும் ஒரு பக்கம் உண்டு. எக்சேஞ்சிலிருந்து வரும் சைகை வழியில் எவ்வளவு தேய்கிறது, இரைச்சலுக்கு மேல் எவ்வளவு எஞ்சி நிற்கிறது என்று டெசிபெல்லில் சொல்லும். எங்கள் தேய்வு 48. கம்பி மூன்றரை கிலோமீட்டர் ஓடி வருகிறது. செம்பில் தூரம் கூடக் கூட வேகம் குறையும். இதிலும் நாங்கள் கடைமடைதான். அது எங்கள் விதி, அதற்குப் புகார் கிடையாது. ஆனால் எஞ்சி நிற்கும் அளவு ஏன் ஒரு நாள் 11, ஒரு நாள் 5? ஆறுக்குக் கீழே போனால் இணைப்பு தள்ளாடும்.

ஐப்பசி முழுவதும் அதையும் பென்சிலால் வரைந்தேன். பிறகு குறிப்புப் பத்தியில் 'மழை' என்று எழுதியிருந்த நாட்களை வட்டமிட்டேன். விழுந்த புள்ளிகள் எல்லாம் வட்டத்துக்குள் இருந்தன. மழை பெய்த அன்று விழுகிறது. வெயிலடித்து இரண்டு நாளில் ஏறுகிறது. நோட்டை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போய், பொறியாளர் முன்னால் விரித்தேன். அவர் ஒன்றும் பேசாமல் அந்தத் தாளைப் பார்த்தார். லைன்மேனைக் கூப்பிட்டு, "சாரோட போங்க, பில்லர் பாக்ஸ்லேர்ந்து பாத்துட்டு வாங்க" என்றார்.

அந்த லைன்மேனை மறக்க முடியாது. தெருமுனைப் பெட்டியில் தொடங்கி ஒவ்வொரு இணைப்பாகத் தன் சோதனைத் தொலைபேசியைக் கவ்வவைத்துக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தார். பிள்ளையார் கோயில் திருப்பத்தில் புளியமரத்தடிக் கம்பத்தில் ஏறியவர் அங்கேயே நின்றுவிட்டார். ஒட்டுச்சுற்றை உரித்து, கம்பியின் முனையைக் கட்டிங் பிளேயரால் நறுக்கிக் கீழே கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தார். செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு.

"உங்க படம் சரியாத்தான் சொல்லியிருக்கு வாத்தியார் சார். ஈரம் ஏறுனா இது விட்டுப்போகும், காஞ்சா ஒட்டிக்கும். வெயில் நாள்ல நாங்க வந்து பாத்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கும். என்னான்னு கண்டுபிடிக்கிறது?"

புது முனை திருகி, ஜெல்லி தடவி, டேப் சுற்றினார். அன்று இரவு அளவு 1.9. இரண்டாம் நோட்டின் அந்தப் பக்கத்தில் களிம்பு பிடித்த அந்தத் துண்டுக் கம்பியை நூலால் தைத்து வைத்திருக்கிறேன். இப்போதும் தாளில் பச்சைக் கறை தெரிகிறது.

மகன் மேற்படிப்புக்கு இங்கிலாந்தின் லெஸ்டருக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் அவன் முகம் கட்டம் கட்டமாகத் திரையில் வரும். நான் அளப்பதில் இருக்க, மனைவி குறிப்புப் பத்தியை எடுத்துக்கொண்டாள். அவள் கையெழுத்தில் இருக்கிறது: 'முகம் தெரிந்தது. குரல் வரவில்லை. கையை ஆட்டினான்.' இன்னொரு வாரம்: 'குரல் நல்லாக் கேட்டது. சளி பிடித்திருக்கிறது.' 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே கடலடி வடங்கள் அறுந்தன. அந்த வாரம் என் நீலக் கோடு நிமிர்ந்தே இருக்கிறது. பக்கத்தில் அவள் 'பையன் வரவே இல்லை' என்று எழுதியிருக்கிறாள். எனக்கு அது பாடம். பக்கத்திலுள்ள சர்வருக்கு அளந்தால் பக்கத்து வழியின் அகலம்தான் தெரியும். பிள்ளை இருக்கும் இடத்துக்கு வழி திறந்திருக்கிறதா என்பதை அவளுடைய பத்திதான் சரியாக அளந்திருக்கிறது.

அவன் படித்த டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைப் பற்றி ஒரு நாள் ஆவலாகச் சொன்னான். "அப்பா, நீங்க கையால போடுற கோட்டைக் கம்ப்யூட்டர் போட வைக்கிற மென்பொருள் இங்கதான் பொறந்துச்சு." உண்மைதான். டோபியாஸ் ஓட்டிக்கர் என்பவர் 1995-ல் அங்கே எம்ஆர்டிஜி என்ற மென்பொருளை எழுதி வெளியிட்டார். வெளியுலகத்தோடு அவர்களுக்கு இருந்தது ஒரே ஒரு 64 கிலோபிட் இணைப்பு. அதில் எவ்வளவு ஓடுகிறது என்று எல்லாரும் அறிய விரும்பினார்கள். அதற்காகவே வரைந்து காட்டினார். நாள், வாரம், மாதம், வருடம் என்று நான்கு படம். அடுத்து வந்த ஆர்ஆர்டிடூல் அதையே இன்னும் விரித்தது. இடம் நிறைந்துவிடக் கூடாது என்பதற்காக அவை பழைய நாட்களைச் சேர்த்துச் சேர்த்துச் சராசரியாக்கிவிடும். நேற்று என்ன நடந்தது என்று நிமிடக் கணக்கில் சொல்லும். போன வருடத்தைக் கேட்டால் நாளுக்கு ஒரு சராசரிதான்.

விடுமுறைக்கு வந்தபோது உள்ளங்கை அளவு ராஸ்பெர்ரி பை கணினி ஒன்றை மோடத்துக்குப் பக்கத்தில் வைத்து, மணிக்கொரு முறை தானாக அளந்து கோடு போடும்படி செய்துவிட்டுப் போனான். அருமையான வேலை. நான் தூங்கும்போதும் அது அளந்தது. ஆனாலும் நோட்டை நான் விடவில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. நள்ளிரவுக்கு முன்பே மின்சாரம் நின்றுவிட்டது. விடிந்து கதவைத் திறந்தால் தோப்பைக் காணோம். வானம்தான் தெரிந்தது. கம்பங்கள் வயலில் படுத்துக் கிடந்தன. மின்சாரம் திரும்ப இருபத்து மூன்று நாள் ஆனது, இணைப்பு திரும்ப அதற்கும் மேல். பையன் வைத்த எந்திரத்தின் ஆண்டுப் படத்தில் அந்த நாட்கள் ஒரு சின்ன வெள்ளை இடைவெளி. அளவு இல்லை என்றால் எந்திரம் விட்டுவிடும், அதன் இயல்பு அது. நாலாம் நோட்டில் அப்படி இல்லை. அரிக்கேன் விளக்கில் அவள் தினமும் எழுதியிருக்கிறாள். '0. தென்னை 41 விழுந்தது. மாடு பிழைத்தது.' '0. ஜெனரேட்டர் வண்டி வந்தது. போனுக்குச் சார்ஜ் போட்டோம்.' '0. லைன்மேன் தம்பி வீட்டுக் கூரையும் போச்சாம். ஆனாலும் கம்பத்துக்கு வந்து நிற்கிறார்.' கடைசியில் ஒரு நாள்: '1.7. பையன் பேசினான். எத்தனை மரம் என்று கேட்டான். சொன்னோம். அழுதான்.'

அந்தப் பக்கத்தில் என் கோடு அடிவரையோடு ஒட்டிப் போகிறது. இருபது வருட நோட்டுகளில் மதிப்பு மிகுந்த பக்கம் எது என்று கேட்டால் அதைத்தான் காட்டுவேன்.

ஊரடங்கு வந்த 2020-ல் கோட்டின் குணமே மாறியது. இரவு ஒன்பது மணிப் பள்ளம் பகல் முழுக்க நீண்டது. மார்ச் மாதக் கடைசியில் படம் காட்டும் நிறுவனங்கள் நாடு முழுக்கக் காட்சியின் தரத்தைக் குறைத்தன. தெருவில் கல்லூரிப் பிள்ளைகள் ஆறு பேர். வீட்டில் இணைப்பு இருந்தது எங்களிடம் மட்டும். எங்கள் திண்ணையில் தள்ளித் தள்ளி உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். கம்பி தாங்கியது பதிவிறக்கத்தில் நாலு மெகாபிட். அது போதும், ஆனால் சிவப்புக் கோடு 0.7-க்கு மேல் எழும்பவே இல்லை. முகத்தை அனுப்பும் வழிதான் குறுகல் என்று அந்தக் கோடு சொன்னது. பிள்ளைகளைக் கூப்பிட்டு நோட்டைக் காட்டினேன். கேமராவை அணைத்துக்கொண்டார்கள். பாட வேலைகளை அனுப்ப ஆளுக்கொரு நேரம் வைத்தோம். காலை ஆறு மணி முதல் அரை மணிக்கு ஒருவர். அப்பா காலத்து முறைப் பாசனம். ஆறு பேரும் தேறினார்கள். அதில் ஒரு பெண் இன்று எங்கள் வட்டாரத்துப் பள்ளியில் கணக்கு ஆசிரியை.

இப்போது 94. காலையும் இரவும் கோடு ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல நேராகப் போகிறது. கண்ணாடி இழைக்கு ஈரமும் களிம்பும் பொருட்டில்லை, மூன்றரை கிலோமீட்டர் தூரமும் பொருட்டில்லை. மேல்மடைக்கும் கடைமடைக்கும் ஒரே அளவு பாய்வதை என் வாழ்நாளில் முதன்முறையாகப் பார்க்கிறேன். அப்பாவிடம் காட்ட வேண்டிய படம் அது.

வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் தண்ணீரோ மின்சாரமோ இணையமோ, காசு கொடுத்து வாங்கும் எதுவாக இருந்தாலும் வந்த அளவை எழுதி வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் அளந்து பாருங்கள், மூன்று முறை அளந்து பாருங்கள், நடு எண்ணை எடுங்கள். மழையா வெயிலா என்று எழுதுங்கள். வீட்டில் அன்று என்ன நடந்தது என்பதற்கும் ஒரு பத்தி விடுங்கள். அதை எழுத இன்னொருவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். புகார் சொல்லப் போகும் நாளில் முதல் பத்திகள் உங்களுக்குத் துணை நிற்கும். எல்லாம் சரியான பிறகு எடுத்துப் படிக்கக் கடைசிப் பத்தி இருக்கும்.

ஆறாவது நோட்டு வாங்கிவிட்டேன். இன்று காலை ஆறு மணிக்கு 93.8. குறிப்புப் பத்தியில் அவள் எழுதியிருக்கிறாள்: 'முள்ளியாற்றில் தண்ணீர் வந்துவிட்டது.'